மதுரைக்கு இரண்டாம் பயணம்

சத்தியமங்கலம் வட்டாரத்துப் பெரியவர்கள் பலருக்கு எந்த நெடும்பயணமும் பண்ணாரி அம்மனை வணங்கிய பின்னரே தொடங்கும். திருநீற்றுக்குப் பதிலாக அங்கே அளிக்கப்படும் புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, எஞ்சியதைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். அவ்வாறு புறப்பட்டு, மதுரையை ஒருமுறையேனும் கண்டு வந்தவர்கள் இவ்வூரில் மிகுதி.

பெரும்பாலும் அது சுற்றுலாப் பேருந்தில் அமைந்த தரிசனமாக இருந்திருக்கும். காலையில் பழனி, மாலையில் மதுரை, விடிந்தால் இராமேசுவரம் என்று ஓட்டம். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, அன்னையின் முன் இரண்டு நொடி நின்று, கண்ணில் முகம் பதிவதற்குள் வெளியே வந்துவிட்ட அனுபவம் பலருக்கும் உண்டு. ஆகவேதான், "இன்னொரு முறை மதுரைக்குப் போய் நிதானமாகத் தரிசிக்க வேண்டும்" என்ற ஏக்கம் முதுமையில் எழுகிறது.

அந்த இன்னொரு முறை கைகூடும்போது, பிள்ளைகள் அன்போடு திட்டம் வகுக்கிறார்கள். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், வண்டியூர் தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர்கோவில், பழமுதிர்சோலை ஆகிய அனைத்தும் ஒரே நாளில் அடங்கிவிடுகின்றன. பெரியவர்களோ, பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று வாய் திறப்பதில்லை. மூன்றாவது இடத்திலேயே முழங்கால் வலி எடுத்துவிடுகிறது. நான்காவது இடத்தில், "நீங்கள் போய் வாருங்கள், செருப்புகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பாட்டி வண்டியிலேயே அமர்ந்துவிடுகிறார். எவருக்காக அந்தப் பயணம் ஏற்பட்டதோ, அவரே தரிசனத்தை இழக்கிறார்.

இரண்டாம் பயணத்தின் திட்டம், இன்னும் எத்தனை இடங்களைப் பார்க்கலாம் என்ற கணக்கில் தொடங்கக் கூடாது. சென்றமுறை எது நிறைவேறவில்லை என்ற கேள்வியில் தொடங்க வேண்டும். அதற்கு விடை கூற வேண்டியவர் வீட்டுப் பெரியவரே.

சுந்தரரின் இரண்டாம் பயணம்

ஒரு மாநகருக்கு இருமுறை பயணம் செய்த அடியார் ஒருவரின் வரலாறு கொங்கு நாட்டு மண்ணோடு பிணைந்தே உள்ளது. சேரமான் பெருமாள் நாயனாரின் தலைநகரான கொடுங்கோளூருக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் இருமுறை சென்றதைப் பெரிய புராணம் உரைக்கிறது. முதல்முறை சேரமானுடனேயே சென்று, அவர் வழங்கிய பொன்னோடும் பொருளோடும் திரும்பினார். வழியில் திருமுருகன்பூண்டியில் சிவகணங்கள் வேடுவர் வடிவில் வந்து அவற்றைப் பறித்தன. சுந்தரர் இறைவனைப் பாட, பொருள் அனைத்தும் மீண்டும் கிடைத்தது.

இரண்டாம்முறை கொடுங்கோளூருக்குச் செல்லும் வழியில் திருப்புக்கொளியூரை அடைந்தார். இன்றைய அவிநாசியே அது. அங்கு ஒரு வீட்டில் மங்கல ஒலி கேட்டது. மற்றொரு வீட்டில் அழுகை ஒலி கேட்டது. நண்பரைக் காணும் ஆவலில் விரைந்த சுந்தரர் அதைக் கேளாதவர்போல் கடந்து செல்லவில்லை. நின்று காரணம் வினவினார். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் ஒன்றாகக் குளிக்கச் சென்றபோது ஒருவனை முதலை விழுங்கிவிட்டது என்றும், பிழைத்தவனுக்கு அன்று பூணூல் கல்யாணம் என்றும், மகனை இழந்தவர்கள் அதைக் கண்டு வருந்துகிறார்கள் என்றும் அறிந்தார். அழுதுகொண்டிருந்த அந்தப் பெற்றோர், சுந்தரர் வந்திருப்பதை அறிந்ததும் துயரை மறைத்துக்கொண்டு முகமலர்ச்சியோடு அவரை வணங்கினார்கள். அவர் உள்ளம் உருகிப் பதிகம் பாட, முதலை கரைக்கு வந்து, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு அந்தப் பிள்ளையைத் திருப்பித் தந்தது.

அந்தப் பயணமே சுந்தரரின் நிறைவுப் பயணமும் ஆயிற்று. திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மீதேறி அவர் கயிலை சென்றார். செல்லும் வழியில் நின்று ஒரு வீட்டின் துயரை விசாரித்த அந்தச் சிறிது நேரம், அப்பயணத்தின் பெரும்பேறுகளுள் ஒன்றாக நிலைத்துவிட்டது.

வழியிலேயே இரு தலங்கள்

சத்தியமங்கலத்திலிருந்து மதுரை 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. புன்செய்ப் புளியம்பட்டி, அவிநாசி, திருப்பூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாகச் செல்வோருக்கு மேற்கண்ட இரு தலங்களும் பாதையிலேயே அமைகின்றன. அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையில் இருக்கிறது திருமுருகன்பூண்டி.

விடியற்காலையில் புறப்பட்டால், வெயில் ஏறுவதற்கு முன்பே அவிநாசியப்பரையும் கருணாம்பிகையையும் வணங்கிவிடலாம். தேவாரப் பாடல் பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழனுள் அவிநாசியும் பூண்டியும் அடங்கும். இரண்டையும் தரிசித்து, இடையிடையே வண்டியை நிறுத்தி இளைப்பாறிச் சென்றாலும், பிற்பகலில் மதுரை சேர்ந்துவிடலாம். அன்று பகலில் மதுரையில் எதையும் பார்க்கத் திட்டமிட வேண்டாம். பெருங்கோயில்களின் நடை நண்பகலில் சாத்தப்பட்டு, மாலை 4 மணியளவிலேயே மீண்டும் திறக்கப்படும். அதுவரை ஓய்வெடுப்பது நன்று. கோயிலைச் சுற்றியுள்ள ஆவணி மூல வீதிகளின் பக்கம் அறை எடுத்தால் நடை குறையும்.

அன்னையின் மாலைப் பொழுது

மதுரையில் கீழைப் பக்கத்து அட்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்து, முதலில் அன்னையையும் பின்னர் சுந்தரேசுவரரையும் வணங்குவது மரபு. ஏனெனில், இங்கு முடிசூடி ஆள்பவள் அன்னை. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிடேகம். ஆவணியில் சொக்கநாதருக்குப் பட்டாபிடேகம். சித்திரை முதல் ஆவணி வரை அன்னையின் ஆட்சி என்றும், ஆவணி முதல் சித்திரை வரை ஐயனின் ஆட்சி என்றும் கொள்வர். இப்போது நடப்பது யாருடைய ஆட்சி என்பதை நினைவில் கொண்டு உள்ளே நுழைவது தனி இன்பம்.

பல ஆண்டுகளுக்கு முன் வந்தவர்களுக்குச் சில மாற்றங்கள் கண்ணில் படும். 2018 பிப்ரவரி 2 அன்று வீரவசந்தராயர் மண்டபத்தில் நேர்ந்த தீ விபத்துக்குப் பின்னர், கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. கிழக்குக் கோபுரத்தின் எதிரே திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில் இருந்த புத்தகக் கடைகளும் தையற்கடைகளும் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு இடம் மாறின. கடைகளுக்கு நடுவே மறைந்திருந்த சிற்பங்களை இப்போது காண முடிகிறது.

தரிசனம் முடிந்ததும் பொற்றாமரைக் குளத்தின் படிகளில் அரைமணி நேரம் அமரலாம். அதற்குப் பின் தவறாமல் காண வேண்டியது, சுவாமி சந்நிதிப் பக்கத்தில் உள்ள வெள்ளியம்பலம். மற்றத் தலங்களில் வலக்கால் ஊன்றி இடக்கால் தூக்கி ஆடும் நடராசப் பெருமான், இங்கே இடக்கால் ஊன்றி வலக்கால் தூக்கி ஆடுகிறார். ஆடற்கலையைப் பயின்ற இராசசேகர பாண்டியன், சிறிது நேரம் ஆடியதிலேயே கால்கள் நோவதை உணர்ந்தான். காலமெல்லாம் ஒரே காலில் நின்றாடும் பெருமானுக்கு எவ்வளவு நோகும் என்று கலங்கி, கால் மாறி ஆடுமாறு மன்றாடினான். அவனுக்கு இரங்கி இறைவன் கால் மாறினான் என்கிறது திருவிளையாடற் புராணம். தன் கால் வலியிலிருந்து இறைவனின் கால் வலியை எண்ணியவன் அந்த மன்னன். முழங்கால் நோவோடு வந்து நிற்கும் முதியவருக்கு, அச்சந்நிதி இளமையில் தராத பொருளை இப்போது தரும்.

சுற்றுலாப் பேருந்தில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் வாய்க்காதது பள்ளியறைப் பூசை. இரவு 9 மணியை ஒட்டி, சொக்கநாதரின் திருப்பாதங்கள் பல்லக்கில் அன்னையின் சந்நிதிக்கு எழுந்தருளும். பாடலும் வாத்தியமும் தீபமும் சூழ நடைபெறும் அந்தச் சேவையோடு கோயிலின் ஒருநாள் நிறைவுறுகிறது. பிற்பகலில் ஓய்வெடுத்துக்கொண்டவர்களுக்கே அதற்கு உடல் இடம் கொடுக்கும்.

மறுநாள்: இரண்டு அல்லது மூன்று மட்டும்

மறுநாள் காலையில் மேல மாசி வீதியில் உள்ள இம்மையிலும் நன்மை தருவார் கோயிலுக்குச் செல்லலாம். முடிசூடுமுன் சிவபூசை செய்யும் மரபுக்கேற்ப, சொக்கநாதரே இங்கு இலிங்கத்தை நிறுவிப் பூசித்தார் என்பது தலவரலாறு. அங்கிருந்து கூடலழகர் கோயில் தொலைவில் இல்லை. பெரியாழ்வார் திருப்பல்லாண்டு அருளிய வரலாற்றோடு இணைந்த திவ்விய தேசம் இது. அட்டாங்க விமானத்தின் மூன்று நிலைகளில் பெருமாள் அமர்ந்தும் நின்றும் கிடந்தும் சேவை சாதிக்கிறார். படியேற இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை; மூலவர் கூடலழகர் கீழ்நிலையிலேயே அமர்ந்திருக்கிறார்.

மாலைக்குத் திருப்பரங்குன்றம் அல்லது அழகர்கோவில், இரண்டில் ஒன்று போதும். ஒன்று நகரின் தென்மேற்கே, மற்றொன்று வடக்கே. இரண்டையும் ஒரே மாலையில் சேர்ப்பது சாலையிலேயே பொழுதைக் கழிப்பதாகும். திருப்பரங்குன்றம் குடைவரைக் கோயில். கருவறைக்குப் படிகள் ஏறிச் செல்ல வேண்டும். அழகர்கோவில் அடிவாரத்தில் உள்ளது. பழமுதிர்சோலைக்கு மலைமேல் வண்டி செல்லும். கால்களின் நிலையறிந்து தேர்ந்துகொள்ளலாம். மகாலும் ஆயிரங்கால் மண்டபமும் சென்றமுறை பார்த்தவையாயின், இம்முறை பேரக்குழந்தைகள் பார்த்து வரட்டும்.

கவனத்திற்கு

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. ஆகவே கூட்டத்தில் பிரிய நேர்ந்தால் எங்கே சந்திப்பது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பொற்றாமரைக் குளக்கரை யாவரும் எளிதில் அடையாளம் காணக்கூடிய இடம். பெரியவர்களின் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ, தங்கும் விடுதியின் பெயரும் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் இருக்கட்டும். வேளை தவறாமல் உட்கொள்ள வேண்டிய மாத்திரைகளைப் பெரிய பையில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது நலம்.

வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, விடுமுறை நாட்கள், ஐயப்ப பக்தர்கள் திரளும் கார்த்திகை, மார்கழி மாதங்கள் ஆகியவற்றைத் தவிர்த்தால் நெரிசல் குறையும். சித்திரைத் திருவிழாவின் கூட்டம் முதியோருக்கு ஏற்றதன்று. திருவிழாவே காண வேண்டும் என்போர் ஆவணி மூலத்தை எண்ணிப் பார்க்கலாம். துணைக்கு ஆளற்ற வந்தி என்னும் மூதாட்டிக்காகச் சொக்கநாதர் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் அப்போது நடைபெறும்.

திட்டத்தை எழுதும் நாளில், பிள்ளைகள் பெற்றோர் இருவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். தந்தை வெள்ளியம்பலம் என்பார்; தாய் பள்ளியறைப் பூசை என்பார். அவ்விரண்டையும் தாளில் முதலில் எழுதிய பிறகே மற்றவற்றைச் சேர்க்கலாம். திரும்பும்போது மதுரைத் தாழம்பூக் குங்குமம் சற்று அதிகமாகவே வாங்கி வரலாம். உடன் வர இயலாமல் சத்தியமங்கலத்திலேயே தங்கிவிட்ட அண்டை வீட்டு மூதாட்டிகள், வாசலில் அமர்ந்து அதற்காகக் காத்திருப்பார்கள்.