சோழர் வேடம் போடட்டும்... ஆனா வாள் மட்டும் போதுமா?

முருகன் துணை.

இந்த வருஷத் திருவிழாக் கலை இரவுல சோழர் படை வேடம் போடணும்னு நம்ம காஜாங் இளைஞர்கள் கேட்டிருக்காங்க. ஆலயத்துல இப்போ இதே பேச்சுதான். "கோயிலுக்குள்ள வாளும் கேடயமும் எதுக்கு?" என்கிறார்கள் பெரியவங்க சிலர். "நம்ம வரலாறுதானே, ஏன் தடுக்கறீங்க?" என்கிறார்கள் பிள்ளைகள். தொண்டூழியர்களாகிய நாங்கள் ரெண்டு பக்கமும் கேட்டோம். எங்க கருத்து இதுதான்: செய்யட்டும், ஆனா முறையா செய்யட்டும்.

திருமுறை வகுப்புக்குக் கூப்பிட்டா வராத பையன்கள், இதுக்குன்னா தானா வர்றாங்க. அந்த ஆர்வத்தை விரட்டினா வேற எங்கேயோ போயிடும். கந்த சஷ்டியில சூரசம்ஹாரம் நடத்துறோமே, வேடம் நமக்குப் புதுசா? ஆனா அது புராணம். இது வரலாறு. வரலாற்றுக்கு ஆதாரம் வேணும்.

சோழர் காலத்துலயே ஐரோப்பாவில கடலோடியவங்க வைக்கிங் மக்கள். 1970களில இருந்தே பிரிட்டனில் பல குழுக்கள் அவங்க வாழ்க்கையை நடிச்சுக் காட்டுறாங்க. சண்டை மட்டும் இல்ல. நெய்றாங்க, இரும்பு அடிக்கிறாங்க, அந்தக் காலச் சமையல் செய்றாங்க. உடையில ஒரு கொக்கி வெச்சாலும் அகழாய்வுல கிடைச்சதைப் பார்த்துதான் செய்யணும்னு சொல்ற குழுக்கள் உண்டு. வாள் முனை மழுங்கியிருக்கணும், பயிற்சி இல்லாம களத்துல இறங்கக் கூடாது.

டென்மார்க்கின் ரொஸ்கில்டே கடற்கழியில், சுமார் 1042இல் டப்ளினில் கட்டப்பட்ட ஒரு போர்க்கப்பலின் மிச்சத்தைக் கடலடியில இருந்து எடுத்தாங்க. நம்ம ராஜேந்திர சோழன் உயிரோட இருந்த காலத்துக் கப்பல் அது. அதே மாதிரி 30 மீட்டர் நீளக் கப்பலை அந்தக் காலத்துக் கருவி மாதிரிகளை வெச்சே கட்டி, 2007இல் டப்ளினுக்கே ஓட்டிப் போனாங்க. கொம்பு வெச்ச தலைக்கவசத்தை வைக்கிங் அடையாளம்னு நினைக்கிறோமே, அது 19ஆம் நூற்றாண்டு இசை நாடக மேடை கொடுத்தது. நிஜ வைக்கிங் அதைப் போட்டதில்ல.

நம்ம கதையும் அப்படித்தான் ஆகுது. 'பொன்னியின் செல்வன்' படம் வந்த பிறகு, வெல்வெட் துணியும் தங்கப் பெயிண்ட் அடிச்ச மார்க்கவசமும்தான் சோழர்னு பிள்ளைகள் நம்புறாங்க. தஞ்சாவூர் ஓவியத்தையும் தாராசுரம் சிற்பத்தையும் படத்துலயாவது பார்த்துட்டு உடை தைக்கலாமே.

உடையை விட முக்கியமான ஒண்ணு இருக்கு. 1025இல் ராஜேந்திரன் கப்பல் படை அனுப்பின கடாரம் எங்கே இருக்கு? இங்கேதான், நம்ம கெடாவில. காஜாங்கிலிருந்து காலையில நெடுஞ்சாலை ஏறினா அன்னிக்கே போய்ச் சேரலாம். மேடையில "கடாரத்தை ஜெயிச்சோம்"னு கத்தும்போது, அடி வாங்கினது நாம பிறந்து வளர்ந்த மண். கீழே உட்கார்ந்து பார்க்கிறவங்கள்ல நம்ம பிள்ளைகளோட மலாய், சீன நண்பர்களும் இருப்பாங்க. வரலாற்றை மறைக்கச் சொல்லல. பாதியை மட்டும் சொல்லாதீங்கன்னுதான் சொல்றோம்.

மறு பாதி இது. போருக்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்னாடி, கடாரத்து அரசர் நாகப்பட்டினத்துல சூடாமணி விகாரம்னு ஒரு பௌத்தப் பள்ளி கட்டினார். தீவிர சிவபக்தரான ராஜராஜன், அந்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் கிராமத்தையே கொடையாகக் கொடுத்தார். அதைச் செப்பேட்டில் பதிய வெச்சவர் யார் தெரியுமா? இதே ராஜேந்திரன். லெய்டன் செப்பேடுகள்னு இன்னைக்கும் அது இருக்கு. வேற நாட்டுக்காரர், வேற சமயம், அவங்க கும்பிடுற இடத்துக்கு நம்ம மன்னர் கொடுத்த நிலம். கோயில் மேடைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி உண்டா?

அதனால நிர்வாகத்துக்கும் பிள்ளைகளுக்கும் நாங்க வைக்கிற வேண்டுகோள்:

நிஜ வாள் வேண்டாம். ஆசான் முன்னிலையில சிலம்பம் போதும்.

படைவீரனோட சேர்த்து வணிகர், கப்பலோட்டி, கல்தச்சர், செப்பேடு வெட்டுறவர் எல்லாரும் மேடையேறட்டும். பெண் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கட்டும்.

போர்க் காட்சி வேணும்னா, ஆனைமங்கலக் காட்சி அதுக்கு முன்னாடி வரணும்.

ஒத்திகைக்கு முன்னாடி ஒரு நாள் எல்லாரும் மெர்போக் போய் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்க்கணும். புக்கிட் பத்து பாஹாட் சண்டியின் கல் அடித்தளத்தைக் கண்ணால பார்க்கட்டும். 2013இல் அங்கே 11ஆம் எண் சண்டியை இடிச்சாங்க. காப்பாத்த ஆள் இல்லாததைத்தான் இடிப்பாங்க. நம்ம பிள்ளைகள் அங்கே போய் நின்னா, நாளைக்குக் காப்பாத்த ஆள் இருக்கும்.

வேன் ஏற்பாட்டுக்கு நாங்க தயார். கைகொடுக்க விரும்புறவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானக் கூடத்துல எங்களைப் பாருங்க.

வேலும் மயிலும் துணை.