சங்கிலி ரம்பத்துக்கு நீளம் மட்டும் சொன்னால் போதாது

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் சாய்ந்த தென்னைகளைக் கோடரியும் கைவாளும் கொண்டு அகற்றி மாளவில்லை. மோட்டார் சங்கிலி ரம்பத்தின் அருமையைத் தோப்புக்காரர்கள் பலர் நேரில் கண்டது அப்போதுதான். இன்று சவுக்கு வெட்டவும், பட்டுப்போன தென்னையைத் துண்டு போடவும், வேலிக் கருவேலை ஒழிக்கவும் சிறு விவசாயிகளும் இதை வாங்குகிறார்கள். வாங்கும்போது எத்தனை சி.சி. இன்ஜின், எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்றெல்லாம் துருவிக் கேட்கிறார்கள். சங்கிலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடைக்காரரும் சொல்வதில்லை. மரத்தை அறுப்பது இன்ஜின் அல்ல, சங்கிலியின் பல்தான்.

சங்கிலி தேய்ந்ததும் கடைக்குப் போய், "18 இஞ்ச் மிஷினுக்கு ஒரு செயின் கொடுங்கள்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. 18 அங்குலம் என்பது சங்கிலி ஓடும் தகட்டின், அதாவது பாரின் நீளம். அதே 18 அங்குல பாருக்கு 62 கண்ணிச் சங்கிலியும் உண்டு, 68 உண்டு, 72-ம் உண்டு. எனவே கடையில் மூன்று எண்களைச் சொல்ல வேண்டும்: பிட்ச், கேஜ், கண்ணி எண்ணிக்கை. பெரும்பாலான பார்களில் இவை அடிப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் தெரியும்.

எழுத்து அழிந்து போயிருந்தாலும் கவலையில்லை. அடுத்தடுத்த மூன்று ரிவிட்டுகளில் முதல் ரிவிட்டின் நடுவிலிருந்து மூன்றாவதன் நடு வரை அளந்து, அதில் பாதியை எடுத்தால் அதுதான் பிட்ச். முழு அளவு சுமார் 16.5 மி.மீ. இருந்தால் 0.325 அங்குல பிட்ச், 19 மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் 3/8 அங்குல பிட்ச். கேஜ் என்பது பாரின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் கண்ணியின் தடிமன். 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. என்ற அளவுகளில் வருகிறது. பள்ளத்தில் இறங்கும் அந்தக் கண்ணிகளை மட்டுமே எண்ண வேண்டும், வெட்டும் பற்களை அல்ல.

பிட்ச் மாறினால் உள்ளே இருக்கும் பல்சக்கரத்தோடு சங்கிலி பொருந்தாது. சக்கரம் கடிபட்டுப் போகும், ஓட்டத்தில் சங்கிலி கழன்று தெறிக்கும். கேஜ் தடித்தால் பள்ளத்தில் இறங்கவே இறங்காது என்பதால் அதில் ஆபத்தில்லை. மெலிந்த கேஜ்தான் ஏமாற்றும். மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஓடும், ஆனால் பக்கவாட்டில் ஆடி அறுப்பு கோணும். "ஏறிவிட்டதே, போதும்" என்று ஓட்டுகிறவர்கள் காலையும் கையையும் பணயம் வைக்கிறார்கள். விற்கிறவர்கள் பில்லிலேயே இந்த மூன்று எண்களையும் தமிழில் எழுதிக் கொடுப்பதுதான் நியாயம். அதுவரை பாரின் மேலோ கைப்பிடியின் மேலோ விவசாயியே பெயிண்டால் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இன்றைய சங்கிலிப் பல்லின் வடிவம் ஒரு புழுவைப் பார்த்து வந்தது. 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் விறகு வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், ஒரு வண்டின் புழு தன் தாடையால் இடமும் வலமுமாக மரத்தைச் சீவிக்கொண்டே முன்னேறுவதைக் கவனித்தார். மாமரத்தில் தண்டு துளைக்கிறதே, அதுவும் அந்த வண்டுக் குடும்பம்தான். சங்கிலியில் ஒரு பல் வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம் என்று மாறி மாறி வருவது அதனால்தான். அரம் போடும்போது ஒரு பக்கப் பற்கள் மட்டும் கூர்மையானால் ரம்பம் அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும்.

கூர் போய்விட்டதா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். விழும் தூளைப் பார்த்தாலே தெரியும். நல்ல பல் செதில் செதிலாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவாகக் கொட்டும். மாவு விழத் தொடங்கியதும் ஆள் ரம்பத்தை அழுத்துகிறார். அழுத்த அழுத்த பார் சூடேறுகிறது, கை தளர்கிறது. அந்த வேளையில் பாரின் நுனியில் மேல்பகுதி எதிலாவது பட்டுவிட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். தென்னையின் வெளிமரம் கடினமானது, பல்லைச் சீக்கிரம் தேய்க்கும். விழுந்து கிடக்கும் தென்னையில் ஒட்டியிருக்கும் மணல் அதைவிட மோசம். மரத்தின் அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி, அறுக்கும் இடத்தைத் துடைத்துவிட்டு அறுக்க வேண்டும். ரம்பம் ஒரே ஒரு முறை மண்ணைத் தொட்டாலும் கூர் போய்விடும்.

மழுங்கியதும் புதுச் சங்கிலி வாங்குவது வீண் செலவு. ஓர் உருளை அரம் போதும். 0.325 பிட்ச்சுக்கு 4.8 மி.மீ. அரம், சிறு ரம்பங்களின் தாழ்ந்த பல் 3/8 சங்கிலிக்கு 4 மி.மீ. அரம். இன்ஜினை நிறுத்தி, பிளக் தொப்பியைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு, பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மட்டும் சுமார் 30 பாகைச் சாய்வில் தள்ள வேண்டும். பின்னால் இழுக்கக் கூடாது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பற்களுக்கும் மூன்றேதான். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் இதைச் செய்தால் பத்து நிமிட வேலை. பட்டறையில் கல் சக்கரத்தில் கொடுத்துத் தீட்டுவதை ஊக்குவிக்க முடியாது. பல் நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று என்று அர்த்தம். போதாக்குறைக்கு, பல்லின் முன்னால் இருக்கும் சிறு திமிலையும் சிலர் கண்மூடித்தனமாக இறக்கிவிடுகிறார்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அந்தத் திமில்தான் கட்டுப்படுத்துகிறது. பெரும்பாலான சங்கிலிகளில் அது பல்லின் நுனியைவிட சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். அதற்கும் கீழே இறக்கினால் ரம்பம் முரட்டுக் காளையாகிவிடும்.

சங்கிலியை ஆறிய நிலையில்தான் இறுக்க வேண்டும். பாரின் அடிப்பக்கத்தில் தொங்காமல், கையால் இழுத்தால் நகரும்படி இருக்க வேண்டும். சூட்டில் தளர்ந்ததைக் கண்டு இறுக்கினால், வேலை முடிந்ததும் தளர்த்தி வைக்க வேண்டும். இல்லையேல் ஆறிச் சுருங்கும்போது பாரும் பேரிங்கும் பாதிக்கப்படும். டிராக்டரில் கழித்த ஆயிலை ஊற்றுவது மிச்சமல்ல. அதிலுள்ள இரும்புத் துகள் பம்பையும் பாரையும் அரிக்கும், தோலுக்கும் தீங்கு. ஆயில் வருகிறதா என்று பார்க்க, பாரின் நுனியை ஓர் அட்டைக்கு நேரே, படாமல் பிடித்து ஓட்டினால் அட்டையில் ஆயில் கோடு விழும். விழாவிட்டால் பாரின் ஆயில் துளையில் நார் அடைத்திருக்கும்.

வாடகைக்கு ஆள் வைத்து அறுப்பவர்களும் முதல் துண்டு விழும்போது தூளைப் பார்க்கலாம். மணிக்கணக்கில் கூலி கொடுக்கும் இடத்தில் மழுங்கிய சங்கிலியின் செலவு தோப்புக்காரர் தலையில்தான் விழுகிறது.

சொந்த ரம்பம் வைத்திருப்போர் ஒரே அளவில் இரண்டு சங்கிலிகளை மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லது. இரண்டும் தேய்ந்து புதியவை வாங்கும்போது பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இருபுறமும் சமமாகத் தேயும்.