‘மனசு வைத்தால் முடியும்’ என்ற பழி

“நல்ல மூளை. ஆனா மனசு வெக்க மாட்டேங்கறான்.” பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வீடு திரும்பும் குடும்பங்கள் குறைவு. சொல்கிற ஆசிரியர் பையனைப் பாராட்டுவதாகவே நினைக்கிறார். கேட்கிற அம்மாவும் தன் பங்குக்கு ஒரு சாட்சியத்தைச் சேர்க்கிறார்: “செல்போன்ல கேம் குடுத்தா மூணு மணி நேரம் அசைய மாட்டான் மிஸ். புத்தகத்தத் தொறந்தா மூணு நிமிஷம் தாங்காது.” விசாரணை அதோடு முடிந்துவிடுகிறது. மூன்று மணி நேரம் உட்கார்கிறவனுக்கு உட்காரத் தெரியும். படிக்க மட்டும் உட்காரவில்லை என்றால் அது திமிர், சோம்பல், செல்லம் கொடுத்துக் கெடுத்த வளர்ப்பு. வீட்டுக்குப் போனதும் அடி விழுகிறது.

இந்தத் தீர்ப்பு தவறானது. ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உள்ள குழந்தைகள் விஷயத்தில் இது தவறு மட்டுமல்ல, கொடுமையும்கூட. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் 100 குழந்தைகளில் ஐந்தாறு பேருக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் 6 முதல் 11 வயது வரையுள்ள தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி, 2013-இல் வெளியான ஆய்வில் அந்த அளவு 11 சதவீதத்தைத் தாண்டியது. 40 பேர் உட்காரும் வகுப்பறையில் இரண்டு பேருக்காவது இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இருவரும் பிடித்த விளையாட்டில் மூழ்கிப்போவதைக் காட்டி, ‘இவனுக்கு ஒரு குறையும் இல்லை’ என்கிறோம். இந்தக் குழந்தைகளைத் தினமும் பார்க்கிற மருத்துவர்களுக்கு அந்த மூழ்கல் மிகப் பழகிய காட்சி. கவனம் இவர்களிடம் தாராளமாகவே இருக்கிறது. அதை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று முடிவெடுக்கும் பிடிதான் தளர்ந்திருக்கிறது.

அந்தப் பிடி இருப்பது மூளையில். நெற்றிக்கு நேர் பின்னாலுள்ள புறணிப் பகுதியும் மூளையின் ஆழத்திலுள்ள சில முடிச்சுகளும் சேர்ந்து, ‘இதை இப்போது செய், அதைத் தள்ளி வை’ என்ற வேலையைப் பார்க்கின்றன. அவை ஒழுங்காகப் பேசிக்கொள்ள டோபமைன், நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருட்கள் வேண்டும். நோரா வோல்கோவ் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக் குழு, மருந்து எடுத்துக்கொள்ளாத ஏடிஹெச்டி உள்ள பெரியவர்கள் 53 பேரையும், குறைபாடு இல்லாத 44 பேரையும் பெட் ஸ்கேனில் ஒப்பிட்டு 2009-இல் முடிவுகளை வெளியிட்டது. பலனை எதிர்நோக்கி நம்மை ஒரு காரியத்தில் இறக்கிவிடும் மூளைப் பாதையில், டோபமைனை வாங்கும் ஏற்பிகளும் அதைக் கடத்தும் புரதங்களும் முதல் குழுவினருக்குக் குறைவாக இருந்தன.

இதைத் தெரிந்துகொண்டு அந்த அம்மாவின் சாட்சியத்தை மறுபடி பார்க்க வேண்டும். கேமில் நொடிக்கொரு புள்ளி ஏறுகிறது, சத்தம் வருகிறது, தோற்றால் உடனே தெரிகிறது. பலன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் தளர்ந்த பாதையும் விழித்துக்கொள்கிறது. காலாண்டுத் தேர்வின் மதிப்பெண்ணோ இரண்டு மாதம் தள்ளி இருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மாதத்தைத் தாண்டிப் பார்க்க மூளை கைகொடுக்கிறது, இவனுக்குக் கொடுப்பதில்லை. கேமில் உட்கார்வதும் புத்தகத்திலிருந்து எழுந்து ஓடுவதும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். முதலாவதைக் காட்டி இரண்டாவதைக் குற்றமாக்க முடியாது.

மனசுதான் காரணம் என்ற வாதத்தை உடைக்க 1937-இல் வெளியான ஓர் அறிக்கையே போதும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றின் மருத்துவராக இருந்தவர் சார்லஸ் பிராட்லி. மூளையைச் சுற்றியுள்ள நீரை வெளியே எடுத்து எக்ஸ்ரே பார்க்கும் பழக்கம் அப்போது இருந்தது. அதற்குப் பிறகு குழந்தைகளுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். அதைத் தணிக்கலாம் என்று பிராட்லி பென்சிட்ரின் என்ற தூண்டு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பள்ளி ஆசிரியர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். அவர் முறையாகச் சோதித்த 30 குழந்தைகளில் 14 பேர் பாடத்தில் திடீரென்று முன்னேறினார்கள். மருந்தை நிறுத்தியதும் பழையபடி ஆனார்கள். குழந்தைகளே அதற்குக் ‘கணக்கு மாத்திரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பதினான்கு பேரின் வளர்ப்பு ஒரு வாரத்தில் திருந்தி, மறு வாரம் கெட்டுப்போயிருக்குமா? திமிர் மாத்திரைக்கு அடங்கி, மாத்திரை நின்றதும் திரும்பி வருமா? மனசு வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்த குழந்தைகள் அல்ல அவர்கள். மனசு வைப்பதற்கு மூளையில் வேண்டிய ஒரு பொருள் போதிய அளவில் வேலை செய்யாத குழந்தைகள்.

பின்னாளில் வோல்கோவ் குழு இதை இன்னும் நெருங்கிப் பார்த்தது. இன்று அதிகம் பயன்படும் மீதைல்ஃபெனிடேட் மருந்தை, குறைபாடு இல்லாத 16 பேருக்குக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். மூளையில் டோபமைன் கூடியது. அதே கணக்கு இப்போது சுவாரசியமாக இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். மருந்தைக் கொடுத்துச் சும்மா படங்களைப் பார்க்க வைத்தபோது அப்படி நடக்கவில்லை. 2004-இல் வெளியான இந்த ஆய்வு சொல்வது எளிமையானது: ஒரு வேலை சலிப்பாக இருப்பதிலும் ருசிப்பதிலும் வேதியியலுக்கும் பங்கு உண்டு. அந்த வேதியியலைப் பிரம்பால் மாற்ற முடியாது.

ஒரு கூட்டல் கணக்கை எடுத்துக்கொள்வோம். நாற்பத்தேழும் முப்பத்தெட்டும். ஏழும் எட்டும் பதினைந்து; ஐந்தை எழுதி ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அந்த ஒன்றை இரண்டு நொடி பிடித்து வைத்திருப்பது மூளையின் செயல் நினைவு. ஏடிஹெச்டி உள்ள பலருக்கு அது பலவீனம். ஐந்தை எழுதும்போது வெளியே ஆட்டோ சத்தம் கேட்கிறது, பக்கத்துப் பையன் பென்சிலைச் சீவுகிறான். அந்த ஒன்று நழுவிவிடுகிறது. நான்கும் மூன்றும் ஏழு. விடை 75. ஆசிரியர் சிவப்பு மையால் ‘கவனக்குறைவு’ என்று எழுதுகிறார். அடுத்த கணக்கு சரியாக வந்துவிட்டால் பையனுக்கு இன்னும் ஆபத்து: “இது தெரியுது, அது தெரியலையா?” ஒரு நாள் வரும், மறுநாள் வராது என்பது இந்தக் குறைபாட்டின் இயல்பு. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது வேண்டுமென்றே செய்வதாகத் தெரிகிறது.

மூளை வளரும் வேகத்திலும் வித்தியாசம் உண்டு. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிலிப் ஷா குழு, ஏடிஹெச்டி உள்ள 223 குழந்தைகளையும் இல்லாத 223 குழந்தைகளையும் எம்ஆர்ஐ எடுத்து ஒப்பிட்டு, 2007-இல் முடிவை வெளியிட்டது. மூளைப் புறணியின் பாதிப் பரப்பு முழுத் தடிமனை எட்டிய வயது மற்றக் குழந்தைகளுக்கு ஏழரை, இவர்களுக்குப் பத்தரை. தாமதம் மிகுதியாக இருந்தது நெற்றிப் பகுதியில். கைகால்களை இயக்கும் பகுதி மட்டும் இவர்களுக்குச் சற்று முன்னதாகவே முதிர்ந்துவிட்டது. ஓடும் கால் தயார்; நிறுத்தும் மூளை இன்னும் தயாராகவில்லை. ஐந்தாம் வகுப்புப் பையனிடம் அவன் வயதுக்குரிய அடக்கத்தைக் கேட்பது நியாயமாகத் தோன்றலாம். அவன் மூளையின் அந்தப் பகுதி இரண்டாம் வகுப்பில் நிற்கிறது.

“நானும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தேன். எங்கப்பா தோல உரிச்சாரு, சரியாப் போச்சு” என்பார்கள் அப்பாக்கள். இதில் முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி, ஏடிஹெச்டியில் மரபின் பங்கு சுமார் 74 சதவீதம். உயரத்துக்குச் சற்றுத்தான் குறைவு. மகனின் பரிசோதனைக்கு வந்த இடத்தில் தன்னையும் அடையாளம் கண்டுகொள்ளும் அப்பாக்கள், அம்மாக்கள் ஏராளம். இரண்டாம் பாதிதான் உண்மையல்ல. அடியால் சரியாகவில்லை, வயது ஏறியதும் சிலருக்கு ஓட்டம் குறைந்தது, பலருக்கு அது உள்ளே போய் ஒளிந்துகொண்டது. கட்டாமல் விட்ட மின்கட்டணம், பாதியில் விட்ட வேலை, சொன்ன நேரத்துக்குப் போகாத கல்யாணம் எனப் பெரியவர்களிடமும் அது தொடர்கிறது. பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. வீட்டில் தடை செய்ய ஆள் இல்லை.

எதிர்த்தரப்பில் மதிக்க வேண்டிய வாதம் ஒன்று உண்டு: துறுதுறுப்பான பிள்ளைக்கெல்லாம் முத்திரை குத்துகிறார்கள் என்பது. இதற்கு ஆதாரமும் இருக்கிறது. செப்டம்பர் 1-ஐப் பள்ளிச் சேர்க்கைக்கு எல்லையாக வைத்திருக்கும் அமெரிக்க மாநிலங்களில், வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்ட் மாதக் குழந்தைகளுக்கு, மூத்தவர்களான செப்டம்பர் மாதக் குழந்தைகளைவிட 34 சதவீதம் அதிகமாக ஏடிஹெச்டி என்று சொல்லப்பட்டிருந்தது. 2018-இல் வெளியான இந்த ஆய்வு ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் கடுமையான எச்சரிக்கை. வெறும் இளமையை நோய் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதிலிருந்து கிடைப்பது, பொறுமையாகப் பரிசோதியுங்கள் என்ற பாடம். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன. ஒரு ரத்தப் பரிசோதனையோ ஒரே ஒரு ஸ்கேனோ இதைச் சொல்லிவிடாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மருந்து பற்றிய பயமும் புரிந்துகொள்ளக்கூடியதே. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும். எடையையும் ரத்த அழுத்தத்தையும் மருத்துவர் தொடர்ந்து பார்க்க வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை. ஆனால் ‘பழக்கமாயிடும்’ என்ற ஒரு சொல்லால், தேவைப்படும் குழந்தைக்கு அதை மறுப்பது நியாயமில்லை. இந்தக் குறைபாட்டுக்கே பெரிய விலை உண்டு. டென்மார்க்கில் 19 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஏடிஹெச்டி உள்ளவர்கள் இளம் வயதில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரு மடங்காக இருந்தது. அந்தச் சாவுகளில் விபத்துகளே முன்னே நின்றன.

பெண் குழந்தைகளின் கதை இன்னும் மோசம். அவர்களில் பலர் ஓடுவதில்லை, கத்துவதில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் கேட்பதில்லை. ‘மந்தம்’ என்ற பெயரோடு பத்தாம் வகுப்பைத் தாண்டி, முப்பது வயதில் தன் குழந்தையின் பரிசோதனை அறையில்தான் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்கிறார்கள்.

இனி, இந்த மூளையின் பலம். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கு ஒன்பது வயதில் ஏடிஹெச்டி கண்டறியப்பட்டது. இவனால் எதிலும் கவனம் செலுத்த முடியாது என்று அவருடைய மழலையர் பள்ளி ஆசிரியர் சொன்னதை அம்மா டெப்பி பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். வகுப்பில் நிற்காத அந்தப் பையன், சில நிமிட நீச்சலுக்காகக் குளக்கரையில் மணிக்கணக்கில் காத்திருந்தான். டெப்பியும் ஆசிரியையாக இருந்தவர்தான். மகனுக்கு நீச்சலில் இருந்த பிடிப்பைப் பார்த்து, ‘இதற்கு உட்கார்கிறாயே’ என்று அவர் குத்திக்காட்டவில்லை. கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவரிடம், கணக்குகளை நீச்சலில் அமைக்கச் சொன்னார்: நொடிக்கு மூன்று மீட்டர் நீந்தினால் 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எந்த ஆர்வத்தை நாம் குற்றச்சாட்டாக வாசிக்கிறோமோ, அதையே அவர் வாசலாக்கிக்கொண்டார். ஃபெல்ப்ஸ் 28 ஒலிம்பிக் பதக்கங்கள் வாங்கினார். அவற்றில் 23 தங்கம்.

ஆய்வகத்திலும் இதன் சுவடுகள் கிடைக்கின்றன. ஒரு பொருளுக்குப் புதுப் புதுப் பயன்களை யோசிக்கச் சொல்லும் சோதனைகளில், ஏடிஹெச்டி உள்ளவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்ததாக அமெரிக்க உளவியலாளர்கள் ஹாலி வைட்டும் பிரீதி ஷாவும் காட்டியிருக்கிறார்கள். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் 457 பேர் கணினித் திரையில் புதர் புதராகப் பழம் பறித்தார்கள்; ஏடிஹெச்டி அறிகுறிகள் மிகுந்தவர்கள் ஒரு புதரைச் சீக்கிரம் விட்டு அடுத்ததற்குப் போனார்கள், பழமும் அதிகம் சேர்த்தார்கள். ஓரிடத்தில் நிற்காமை எல்லா இடத்திலும் நஷ்டம் அல்ல.

ஆனால் இதையே இன்னொரு கோலாக்கிவிடக் கூடாது. ஐன்ஸ்டீனுக்கும் எடிசனுக்கும் இது இருந்தது என்று வாட்ஸப்பில் சுற்றும் பட்டியல்களுக்கு ஆதாரம் இல்லை. செத்தவர்களுக்கு யாரும் நோயறிதல் செய்ய முடியாது. பதக்கம் வாங்கினால்தான் மன்னிப்போம் என்றால், அது ‘மனசு வைத்தால் முடியும்’ என்பதன் மறுபதிப்பு. ஃபெல்ப்ஸே கடும் மனச்சோர்வில் வீழ்ந்ததையும், உயிர்வாழ விருப்பமற்றிருந்த நாட்களையும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். சராசரி மதிப்பெண் வாங்கி, சராசரி வேலைக்குப் போகும் ஏடிஹெச்டி குழந்தைக்கும் அதே புரிதல் கிடைக்க வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு ஆகாது. பத்துக் கணக்கை ஒரே மூச்சில் கொடுக்காமல் மூன்று மூன்றாகக் கொடுத்து உடனுக்குடன் திருத்தலாம். சன்னலோரத்திலிருந்து கரும்பலகைக்கு அருகே இடம் மாற்றலாம். வாயால் சொல்லும் வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதிப் போடலாம். நடுவே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவர அனுமதிக்கலாம். இவற்றைச் செய்யும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது அவரவர் நல்ல மனதைப் பொறுத்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் உண்டு. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. ஏடிஹெச்டி இல்லை. பட்டியலை விரிவாக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லிப் பெற்றோரும் ஆசிரியர் சங்கங்களும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து கேட்க வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கான உதவி, எந்த ஆசிரியர் வாய்க்கிறார் என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இனியும் இருக்கக் கூடாது.