தோள் வலி எல்லாம் சுளுக்கு அல்ல



ரங்கே கவுடர் வீதியில் லாரி வந்து நின்றதும் நாம் முதலில் தேடுவது சுமைதூக்கும் தொழிலாளியைத்தான். அவர் தோளைப் பற்றி நாம் யோசித்ததுண்டா?

எங்கள் கடைக்குப் பல வருடங்களாக மூட்டை இறக்கியவர் ஒருநாள், "வலது கை மேல ஏற மாட்டேங்குதுங்ண்ணா" என்றார். "சுளுக்காத்தான் இருக்கும், எண்ணெய் போட்டு நீவிக்கோப்பா" என்று சொல்லி அனுப்பினேன். ஐந்து மாதம் நீவினார். வலி போயிற்று, கை ஏறவில்லை. பிறகுதான் நரம்பு அடிபட்டது தெரிந்தது. அந்த ஐந்து மாதத்துக்கு நானும் பொறுப்பு. இப்போது எங்கள் கடையிலேயே எடைச் சீட்டு எழுதுகிறார்.

கைக்குப் போகும் நரம்புகள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்குகின்றன. மூட்டை அழுத்துவதும் அதே இடத்தைத்தான். கனத்த முதுகுப்பை சுமக்கும் ராணுவ வீரர்களுக்கும் இந்தப் பாதிப்பு வருவதுண்டு.

சட்டையைக் கழற்றிவிட்டு இரு கைகளையும் சுவரில் ஊன்றித் தள்ளச் சொல்லுங்கள். ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் இறக்கைபோல் புடைத்தால் நரம்பைச் சந்தேகிக்கலாம். தோள் சதை வற்றினாலும், வெளிப்புறம் மரத்துப் போனாலும் அப்படியே. சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும் தோள் இறுக்கத்தில், அடுத்தவர் தூக்கினாலும் கை ஏறாது. நரம்பு அடிபட்டவருக்கு அடுத்தவர் தூக்கினால் ஏறும், தானாகத் தூக்கத்தான் வராது. தசைநார் கிழிந்தாலும் இப்படி ஆகும் என்பதால் முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

நரம்பைச் சோதிக்க ஈ.எம்.ஜி. பரிசோதனை இருக்கிறது. முதல் இரண்டு, மூன்று வாரங்களில் அதில் குறை முழுதாகத் தெரியாமல் போகலாம். "நார்மல்" என்று வந்த சீட்டைப் பார்த்து மறுநாளே மூட்டைக்கு அனுப்பிவிடாதீர்கள். பலருக்கு ஓய்விலேயே தேறிவிடும். தேறாதவருக்கு அறுவை சிகிச்சை வேண்டுமானால் ஆறு மாதத்தையொட்டிச் செய்வது நல்லது. ஒன்றரை வருடம் கடந்தால் தசை மீள்வது அரிது. அறுந்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். கை நரம்பு அறுவைக்குப் பெயர் பெற்ற கங்கா மருத்துவமனை நம் மேட்டுப்பாளையம் சாலையிலேயே இருக்கிறது.

ஓர் ஆள் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்ட வேண்டாமென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. சர்க்கரை மூட்டை 100 கிலோவிலிருந்து 50க்கு இறங்கியது, யார் வியாபாரம் கெட்டது? இறக்குகூலியில் ஒரு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் பேசுகிற நாம், 50 கிலோவுக்கு மேல் மூட்டை வேண்டாமென்று அனுப்புகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். கை ஏறாதவருக்குப் பரிசோதனைச் செலவையும் மூன்று வாரக் கூலியில் பாதியையும் கடையே ஏற்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதத்துக்கு எடுக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.