பழைய மடிக்கணினியைத் தூக்கி எறியாதீர்!



விண்டோசு 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. உடனே, "புதிய கணினி வாங்குங்கள்" என்ற கூச்சல் கிளம்பியது. விண்டோசு 11 கேட்பதோ டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி. இன்டெல் செயலியெனில், பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாதது. அவை இல்லாத கணினி பழுதானதா? இல்லவே இல்லை!

ஆயினும், பாதுகாப்பு இற்றைப்படுத்தல் இல்லாத கணினியில் பிள்ளைகளை இணையத்தில் உலவவிடுவது அறிவீனம். கோப்புகளைப் படியெடுத்து வைத்துவிட்டு, லினக்சு மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை விரலியில் இட்டு, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். 4 ஜிபி நினைவகம் போதும். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்கலாம். டெலிமா தளத்தை உலாவியிலேயே திறக்கலாம்.

நன்றாக உழைக்கும் கருவியைக் குப்பையாக்கும் வணிகத்திற்கு நம் பிள்ளைகளின் கல்விப் பணம் பலியாகலாமா? சிந்திப்பீர்!