ஒன்றிய விரிவாக்கமும் தடுப்புரிமையும்

தடுப்புரிமை என்பது ஓர் உறுப்பினர் தனித்து நின்று அனைவரின் முடிவையும் நிறுத்தும் உரிமை ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய நாடுகளைச் சேர்க்கும்போது ஒவ்வோர் உறுப்பு நாட்டுக்கும் இவ்வுரிமை உண்டு. இந்திய ஒன்றியத்தில் எல்லை மாற்றங்களைத் தடுக்கும் உரிமை மாநிலங்களுக்கு இல்லை. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் எல்லை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அதில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார். அரசியலமைப்பின் 3ஆம் உறுப்பின்படி மாநிலத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். ஆனால் அதற்குக் காலவரம்பு இல்லாததால் ஒரு மாநிலம் மௌனமாகவே காலங்கடத்த முடிந்தது. 1955இன் ஐந்தாம் திருத்தம் இவ்வழியை அடைத்தது. பின்னர் இரு மாநிலங்களும் படாஸ்கரை நடுவராக ஏற்றன. கிராமத்தை அலகாகவும் பெரும்பான்மை மொழியை அளவுகோலாகவும் கொண்டு அவர் அளித்த பரிந்துரை 1959இல் சட்டமாகி, 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்குக் கிடைத்தது. மாற்றாக, கும்மிடிப்பூண்டிக்கு மேற்கேயுள்ள சத்தியவேடு ஆந்திரப் பிரதேசத்துக்குச் சென்றது. (இன்று எல்லையின் ஒருபுறம் கும்மிடிப்பூண்டி சிப்காட், மறுபுறம் ஸ்ரீசிட்டி.) இம்முறையில் விரைவு உண்டு, எனினும் இடம் மாறும் ஊராரிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற விதி இல்லை.

ஐரோப்பாவில் நிலைமை நேர்மாறானது. 2005இல் வேட்பாளர் நாடான மாசிடோனியா, கிரேக்கத்தின் எதிர்ப்பால் 2019இல் தன் பெயரையே வட மாசிடோனியா என மாற்றிக்கொண்டது. அவ்வாண்டே, சேர்க்கை நடைமுறையை முதலில் சீர்திருத்துக என்று பிரான்சு பேச்சுவார்த்தையைத் தடுத்தது. 2020இல் நடைமுறை சீர்திருத்தப்பட்டது. தடுப்புரிமை மட்டும் தொடப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மொழி, வரலாறு ஆகியவற்றைக் காட்டிப் பல்கேரியா தடுத்தது. 2022 சூலையில் தொடங்கிய பேச்சுவார்த்தையும், பல்கேரியரை அரசியலமைப்பில் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் பிணைக்கப்பட்டது.