அடுப்படியும் ஏடும்

தமிழ்நாட்டின் பல வீடுகளில் சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். பால் வாங்கிய அளவு, எரிவாயு உருளை மாற்றிய நாள், பிள்ளைகளின் கட்டணம் செலுத்த வேண்டிய தேதி, மகளிர் குழுவின் தவணை ஆகியவை அதன் கட்டங்களுக்குள் சிறிய எழுத்துகளில் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் குறித்தவர் பெரும்பாலும் அந்த வீட்டின் தாய். எந்த மாதம் பணம் போதவில்லை, எந்த வாரம் முதியவர் நோயுற்றார், எந்த நாளில் உறவினர் வந்து தங்கினர் என்பனவற்றையெல்லாம் அந்தக் கட்டங்களிலிருந்தே அறிந்துகொள்ளலாம். எனினும் அதனை எழுத்து என்று எவரும் கருதுவதில்லை. எழுதிய தாயும் தம்மை எழுதுபவராக எண்ணிக்கொள்வதில்லை. ஆண்டு முடிந்ததும் அந்த நாட்காட்டி பழைய தாள்களோடு எடைக்குப் போய்விடுகிறது.

எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தாயின் எழுத்து, கணக்கோடு நின்றுவிடுவது ஏன்? பள்ளி நாள்களில் கதைப் புத்தகங்களை விரும்பிப் படித்தவர், திருமணத்திற்குப் பின் மளிகைப் பொட்டலம் கட்டிவந்த தாளை மட்டும் படிப்பவராக மாறுவது ஏன்? திறமைக் குறைவோ ஆர்வக் குறைவோ இதற்குக் காரணம் என்று கூறுவது எளிது. உண்மைக் காரணம் வேறு. படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையூறற்ற நேரம் வேண்டும். அந்த நேரம் தாயின் கையில் இல்லை; வீட்டில் உள்ள பிறர் கையில் இருக்கிறது.

களவில் கற்ற எழுத்து

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு வரை பெண்ணுக்கு எழுத்தே மறுக்கப்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காளத்தில் வாழ்ந்த இராசசுந்தரி தேவியின் வாழ்க்கை இதற்குச் சான்று. இளம் வயதிலேயே திருமணமாகிப் பெரிய குடும்பத்தின் பொறுப்பை ஏற்ற அவர், பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். பெண் படித்தால் குடும்பத்திற்குத் தீங்கு நேரும் என்று அக்காலச் சமூகம் நம்பியது. ஆகவே, கணவர் வைத்திருந்த 'சைதன்ய பாகவதம்' என்னும் நூலிலிருந்து ஓர் ஏட்டை எடுத்துச் சமையலறையில் மறைத்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். ஓலையிலுள்ள எழுத்தையும் ஏட்டிலுள்ள எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, எவருக்கும் தெரியாமல் ஒவ்வோர் எழுத்தாகக் கற்றார். பிற்காலத்தில் அவர் எழுதிய 'அமார் ஜீபன்' என்னும் தன்வரலாறு 1876இல் நூலாக வெளிவந்தது. வங்கமொழியின் முதல் தன்வரலாற்று நூல்களுள் அது ஒன்று. அதில் பேரரசுகளின் வரலாறு இல்லை. சமைத்ததும் பிள்ளைகளை வளர்த்ததும் உண்ண நேரமின்றிப் பட்டினி கிடந்ததும் இருக்கின்றன. அந்நூல் இல்லையெனில், அக்காலத்து ஒரு வீட்டின் உள்ளே பெண்ணின் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதை அவளுடைய சொற்களிலேயே அறியும் வாய்ப்பு இல்லாமல் போயிருக்கும்.

உடன் நின்ற கைகள்

தமிழிலும் இத்தகைய வரலாறுகள் உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தவர், பள்ளிக்கல்வி பெறாதவர், சிறுமியாக இருந்தபோதே மணம் செய்விக்கப்பட்டவர். அவர் மனத்தில் கதைகள் பிறந்தன. ஆனால், அவற்றை எழுதும் பயிற்சி அவருக்கு அப்போது இல்லை. தம் முதல் படைப்பாகிய 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, அவருடைய தோழி பட்டம்மாள் எழுதினார். பின்னர்த் தாமே எழுதக் கற்று, 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட புதினங்களைப் படைத்தார். அந்தத் தொடக்க நாள்களில் எழுதுகோல் பிடித்த தோழியின் கை இல்லாதிருந்தால், அக்கதைகள் சொல்லிய இடத்திலேயே கரைந்திருக்கும்.

அண்மைக்காலத்திலும் இந்நிலை முற்றிலும் மாறிவிடவில்லை. துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மாவின் பள்ளிப்படிப்பு சிறு வயதிலேயே நின்றுபோனது. வீட்டிற்குள் இருந்தவாறே மறைவாகக் கவிதை எழுதி, புனைபெயரில் வெளியிட்டார். அக்கவிதைகள் வீட்டைக் கடந்து வெளியுலகை அடைவதற்கு அவருடைய தாய் துணைநின்றார்.

இவ்வரலாறுகளைப் படிக்கும்போது, 'எத்தனை இடர்களுக்கு இடையிலும் எழுதினார்கள்' என்று வியப்பது இயல்பு. ஆனால், வியப்போடு நின்றுவிடுவது நியாயமன்று. ஒருவர் இடர்களை மீறி எழுதினார் என்றால், மீற முடியாமல் எழுதாமலே போனவர் எத்தனை பேர் என்னும் வினா எழ வேண்டும். அவர்களுடைய பெயர்கள் எந்த இலக்கிய வரலாற்றிலும் இடம்பெறுவதில்லை. இடரைப் போற்றுவது இடரை நீக்குவதாகாது. எழுதியவர் ஒவ்வொருவருக்கும் அருகில் ஏதேனும் ஒரு கை துணையாக நின்றிருக்கிறது என்பதே இவ்வரலாறுகள் தரும் பாடம்.

எழுத்தறிவுக்குப் பின்

இன்று எழுத்து மறுக்கப்படவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, பகல் முழுவதும் உழைத்த பெண்கள் மாலையிலும் இரவிலும் எழுத்துக் கற்றனர். எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பெண்களின் எழுத்தறிவு 73.44 விழுக்காடு, ஆண்களின் எழுத்தறிவு 86.77 விழுக்காடு. இடைவெளி இன்னும் இருப்பினும், பெரும்பாலான தாய்மார் எழுத்தறிந்தவர்களே.

ஆனால், எழுத்தறிவு என்பது கதவின் திறவுகோல் மட்டுமே. பயன்படாத திறவுகோல் துருப்பிடிக்கும். நெடுநாள் படிக்காதவருக்கு நீண்ட பத்தி சுமையாகத் தோன்றும். நெடுநாள் எழுதாதவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதவும் கை தயங்கும். வங்கியிலோ அலுவலகத்திலோ படிவத்தை மகனிடம் நீட்டி, 'நீயே எழுதிவிடு' என்று தாய் சொல்லும்போது, பலர் அதனை அறியாமை என்று எண்ணுகின்றனர். அஃது அறியாமை அன்று. பல ஆண்டுகள் பயிற்சிக்கு இடமில்லாமற்போனதன் விளைவு.

துண்டு நேரமும் முழு நேரமும்

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துகிறது. ஊதியமற்ற வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண் ஒருவர் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண் ஒருவர் செலவிடுவது 97 நிமிடங்கள். மேலும், பெண்களுள் 81.2 விழுக்காட்டினர் இவ்வேலைகளில் ஈடுபடுகின்றனர், ஆண்களுள் 26.1 விழுக்காட்டினரே ஈடுபடுகின்றனர். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்பது ஒரு பள்ளி நாளின் பாடவேளைகளுக்கு நிகரானது. அதற்கு விடுமுறை நாள் கிடையாது.

'இருபத்துநான்கு மணி நேரத்தில் ஐந்து போனால் மீதி இருக்கிறதே' என்று சிலர் கேட்கலாம். மீதி நேரம் இருப்பது உண்மை. ஆனால், அது துண்டுதுண்டாக இருக்கிறது. குழம்பு கொதிக்கும் இடைவெளி ஒரு துண்டு. குடிநீர் வரும்வரை காத்திருப்பது ஒரு துண்டு. பிள்ளை பள்ளியிலிருந்து திரும்புவதற்கு முன்னுள்ள பொழுது மற்றொரு துண்டு. அத்துண்டுகளிலும் மனம் ஓய்ந்திருப்பதில்லை. நாளை காலைக்கு மாவு இருக்கிறதா, சீருடை உலர்ந்ததா என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது.

'தொலைக்காட்சித் தொடர் பார்க்க நேரம் இருக்கிறது. படிக்க நேரம் இல்லையா?' என்பது அடிக்கடி எழும் மறுப்பு. இதற்கான விடை எளியது. கீரை ஆய்ந்துகொண்டே தொடரைப் பார்க்கலாம். பூண்டு உரித்துக்கொண்டே அதன் உரையாடலைக் கேட்கலாம். நடுவில் எழுந்து சென்றாலும் கதை விளங்கும். புத்தகம் அவ்வாறன்று. அது கையையும் கண்ணையும் மனத்தையும் ஒருசேரக் கேட்கிறது. எழுத்து அதனினும் மிகுதியாகக் கேட்கிறது. ஆகவே, தாய் தொடரைத் தேர்ந்தெடுத்தார் என்பதைவிட, வேலையோடு சேர்த்துச் செய்யக்கூடியது அதுவாக இருந்தது என்பதே பொருந்தும்.

'அம்மாவுக்கு அதிலெல்லாம் விருப்பம் இல்லை' என்பது இரண்டாவது மறுப்பு. விருப்பம் இல்லாதவர்களும் இருக்கலாம். எல்லாத் தாய்மாரும் எழுத்தாளராக வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. ஆனால், விருப்பம் உண்டா என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறார்கள்? கேட்காத வினாவிற்கு 'இல்லை' என்று விடை எழுதிக்கொள்வது முறையாகாது.

வாசிப்பு யாருக்காக?

தாய் படித்தால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று பலரும் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. புத்தகம் இருக்கும் வீட்டில் வளரும் குழந்தை புத்தகத்திற்கு அஞ்சுவதில்லை. ஆயினும், தாயின் வாசிப்பைப் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கான கருவியாக மட்டும் கருதுவது, அவரை மீண்டும் ஒரு பணியில் அமர்த்துவதாகும். படிப்பதில் வரும் மகிழ்ச்சி அவருக்கே உரியது. ஒரு கதையில் தம்மைப் போன்ற ஒருத்தியைக் காண்பதும், ஒரு கட்டுரையோடு மாறுபடுவதும், 'இதைவிட நன்றாக எழுதலாம்' என்று எண்ணுவதும் அவருடைய உரிமைகள்.

அவர் எழுதினால் என்ன எழுதுவார்? மாமியார் கற்றுக்கொடுத்த புளிக்காய்ச்சலின் பக்குவம், ஊரில் கிணறு வற்றிய ஆண்டு, மகனின் முதல் காய்ச்சலின்போது விழித்திருந்த இரவு, தம் தாய்க்கு மருத்துவச் செலவுக்குப் பணம் அனுப்ப முடியாத வருத்தம் ஆகியவற்றை எழுதலாம். இவை சிறியவை அல்ல. ஒரு தலைமுறையின் உழைப்பும் அன்பும் மனத்தாங்கலும் இவற்றில்தான் இருக்கின்றன. எழுதப்படாவிட்டால் அவை அவரோடு மறைந்துவிடும்.

மகன் கொடுத்த எழுதுகோல்

இராசசுந்தரி தேவியின் வாழ்க்கையில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. படிக்கக் கற்ற பின்னரும் நெடுங்காலம் அவருக்கு எழுதத் தெரியாது. வெளியூரில் இருந்த மகன், தம் கடிதங்களுக்குத் தாய் மறுமொழி எழுதுவதில்லையே என்று வருந்தினார். தாளும் எழுதுகோலும் மையும் வாங்கித் தந்து, எழுதுமாறு வற்புறுத்தினார். அதன் பிறகே அவர் எழுதப் பழகினார். படிப்பைக் களவில் பெற்ற தாய்க்கு, எழுத்து மகனின் கேள்வியால் வந்தது.

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மகனுக்கோ மகளுக்கோ இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஊர்ப்புற நூலகத்தில் உறுப்பினராக இருக்கும் மாணவர், தமக்கு எடுக்கும் நூலோடு தாய்க்கும் ஒன்று எடுத்துவரலாம். எந்த நூல் பிடிக்கும் என்று கேட்டு எடுத்துவருவது இன்னும் நன்று. ஆனால், நூலைக் கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. நேரத்தையும் கொடுக்க வேண்டும். இரவு உணவுக்குப் பின் பாத்திரம் துலக்கும் வேலையை மகன் ஒரு நாளும் மகள் ஒரு நாளும் தந்தை ஒரு நாளும் ஏற்றால், தாய்க்கு நாள்தோறும் அரைமணி நேரம் முழுமையாகக் கிடைக்கும். அந்த அரைமணி நேரத்தில் சட்டை எங்கே, சாவி எங்கே என்று எவரும் அவரை அழைக்காதிருக்க வேண்டும். இதனை உதவி என்று சொல்வதும் பொருந்தாது. வீடு எல்லாருடையதும் என்றால் வேலையும் எல்லாருடையதே.

அந்த அரைமணி நேரத்தில் அவர் படிக்கலாம், எழுதலாம், எதுவும் செய்யாமல் அமர்ந்திருக்கவும் செய்யலாம். எதைச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கே உரியது. நாட்காட்டியின் கட்டங்களில் இத்தனை ஆண்டுகள் பால் கணக்கை எழுதிய கை, ஒரு குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் வேறொன்றை எழுதத் தொடங்கினால், வீட்டார் அதனைப் படிக்கக் காத்திருக்க வேண்டும்.